ஊர்திகளில் குளிர்ப்பெட்டி: சூரிய ஒளியாலும் பாட்டரியாலும் இயக்கும் முறை

தடுப்பு மருந்து உற்பத்தியில் ஐதராபாத் நகரம் உலகப் புகழ் பெற்றது. கோமாரி நோய்த் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் 1982இலும், பாரத் பயோடெக் நிறுவனம் 1996இலும் இங்கே தோன்றின. இத்தகைய மருந்துகளுள் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிரிலேயே இருத்தல் வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் தக்காண வெயிலில், மின்வசதியற்ற ஊர்களுக்குச் செல்லும் ஊர்தியினுள் குளிரைக் காப்பது எங்ஙனம்? வீட்டுக் குளிர்ப்பெட்டியொன்றை ஊர்தியில் வைத்து இயக்க இயலுமா?

தேவையைக் கணக்கிடுதல்

சிறிய குளிர்ப்பெட்டியின் மோட்டார் 100 வாட் மின்திறன் கொள்வதாகவும், வேனிற்காலத்தில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓடுவதாகவும் கொள்வோம். நாளொன்றுக்கு 1,000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட், செலவாகும். பாட்டரியின் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், பெட்டி ஓடாதபோதும் சிறிது மின்சாரத்தை உட்கொள்ளும். இவ்விழப்பை 350 வாட்-மணி எனக் கொண்டால், மொத்தத் தேவை 1,350 வாட்-மணி ஆகும்.

மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்தினும் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே 100 வாட் பெட்டிக்கு 150 வாட் இன்வெர்ட்டர் போதாது. 1,000 வாட் அளவுள்ளதே ஏற்றது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் பெற 50 ஆம்பியர் ஓட வேண்டியிருப்பதால், கம்பிகள் தடித்தும் குறுகியும் இருத்தல் இன்றியமையாதது.

சூரியத் தகடும் பாட்டரியும்

ஐதராபாத்தில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளி கிடைக்கிறது. ஆயினும் தகடு சூடேற ஏற, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது. 65 டிகிரியில் இக்குறைவு 16 சதவீதமாகும். தூசியையும், கூரை மீது தகடு சாய்வின்றிக் கிடப்பதையும் சேர்த்து, பத்தில் ஏழு பங்கே கிடைக்கும் எனக் கொள்ளுதல் நன்று. 500 வாட் தகடுகள் 500 × 5 × 0.7 = 1,750 வாட்-மணி தரும்; இது தேவையினும் சற்று மிகுதி.

மேகம் சூழ்ந்த ஒரு நாளைத் தாங்கப் பாட்டரியில் 1,350 வாட்-மணி இருப்பு வேண்டும். காரீயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 150 ஆம்பியர்-மணியுள்ள 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு வேண்டும். இவற்றின் மொத்த இருப்பு 3,600 வாட்-மணி, பயன்படுவது 1,800. இவை மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊர்தியைக் கிளப்பும் பாட்டரியோடு இவற்றை நிரந்தரமாக இணைத்தலாகாது. இணைத்தால் காலையில் ஊர்தியே கிளம்பாது போகலாம்.

குளிரையே சேமித்தல்

மின்சாரத்தைச் சேமிப்பதினும் குளிரைச் சேமிப்பது எளிது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோகலோரி வெப்பத்தை ஏற்கும். ஐந்து கிலோ 400 கிலோகலோரியை ஏற்கும். பகலில் எஞ்சும் மின்சாரத்தால் நீரை உறையச் செய்தால், இரவில் மோட்டார் ஓடும் நேரம் குறையும். பாட்டரியே இன்றிச் சூரிய ஒளியால் நேரடியாக இயங்கும் மருந்துக் குளிர்ப்பெட்டிகள் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றன. பழைய சூரியக் குளிர்ப்பெட்டிகளில் பாட்டரிகள் அடிக்கடி பழுதுற்றதே இவை தோன்றக் காரணம்.

எச்சரிக்கை

பாலுக்கும் உணவுக்கும் மேற்கூறிய அமைப்புப் போதும். தடுப்பு மருந்துக்கோ வீட்டுக் குளிர்ப்பெட்டி தகாது. அதனுள் இடத்திற்கு இடம் வெப்பநிலை வேறுபடும். கதவைத் திறக்கும்தோறும் ஏறும். உறைந்தாலும் கேடே: முத்தடுப்பு மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் பயனற்றதாகும். கெட்ட மருந்து நோயைத் தடுக்காது. ஆனால் தடுத்துவிட்டதாக ஊராரை நம்பச் செய்யும். ஆதலின் மருந்துக்கென்றே அமைந்த பெட்டியையும், நாள்தோறும் இருவேளை வெப்பமானியைக் குறிக்கும் பழக்கத்தையும் கைக்கொள்ள வேண்டும்.

பயிற்சி

பள்ளியிலோ வீட்டிலோ உள்ள குளிர்ப்பெட்டி ஒரு நாளில் கொள்ளும் யூனிட்டை மின்னளவி கொண்டு மாணவர் அளந்தறிக. அதற்கு வேண்டிய தகட்டையும் பாட்டரியையும் மேற்கூறிய முறையில் கணக்கிடுக. கதவை அடிக்கடி திறந்த நாளின் அளவோடு, திறவாத நாளின் அளவை ஒப்பிடுக.