தருமரின் நாயும் பேருந்து நிலையத்து நாயும்

எங்கள் நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண் உண்டு. எந்த எண்ணும் இல்லாத முதியவர் ஒருவரை நாங்கள் பள்ளிக்கு வரும்போது தினமும் காண்கிறோம். பேருந்து நிலையத்தின் ஓரத்தில் சாக்கு விரித்துப் படுத்திருப்பார். காலடியில் ஒரு செவலை நாய். தேநீர்க்கடையில் கிடைக்கும் பன்னைப் பிட்டுப் பெரிய துண்டை நாய்க்குத்தான் போடுவார்.

ஒருநாள் அடைமழையில் சிலர் வண்டியுடன் வந்து, அவரைக் காப்பகத்துக்கு அழைத்தனர். நாய்க்கு அங்கே இடமில்லை என்றதும் அவர் மறுபடியும் சாக்கில் படுத்துக்கொண்டார். "சோறும் கூரையும் வேண்டாமாம்!" என்று நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாயை விட்டுவிட்டால் தேரில் ஏறலாம் என்று இந்திரன் சொன்னபோது, சுவர்க்கமே வேண்டாம் என்ற தருமரைப் போற்றித்தானே படித்தோம்? செல்வனின் வாயிலில் கிடந்த ஏழை இலாசரின் புண்களை நக்கியவையும் நாய்களே.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் அதிகம். நகரங்களில் 1 லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்று 2013-இல் மத்திய அரசு திட்டம் வகுத்தது. அக்காப்பகங்களின் முற்றத்தில் நாயைக் கட்ட ஒரு மூலை இருந்தால் போதும், இவரைப் போன்றோர் உள்ளே வருவர் என்பது எங்கள் எண்ணம். லண்டனில் தெருவில் வாழ்ந்த ஜேம்ஸ் போவன் என்பவர், 2007-இல் தம்மிடம் வந்து சேர்ந்த பாப் என்னும் பூனையே போதைப் பழக்கத்திலிருந்து தாம் மீளத் துணைநின்றது என்று புத்தகமே எழுதினார்.

7-11-2025 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்றுமாறு ஆணையிட்டது. இதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. எங்களுள்ளும் நாய்க்கடி பட்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கழுத்துப்பட்டை இல்லாத அந்தச் செவலையை அவருடைய நாய் என்று யார் அறிவார்?

ஆகவே கைச்செலவுக் காசில் ஒரு பட்டை வாங்கினோம். ஆசிரியை ஒருவரின் துணையுடன் இருவரையும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஊசி போடும்போது நாயின் வாயை அவரே பிடித்துக்கொண்டார். சீட்டு எழுத மருத்துவர் பெயர் கேட்டார், சொன்னார். முகவரி கேட்டபோது எங்களைப் பார்த்தார். "பேருந்து நிலையம், நெய்வேலி என்று எழுதுங்கள் ஐயா" என்றோம்.