குடும்ப வன்முறை வழக்கு: நீதிமன்றம் தொண்டு நிறுவனங்களோடு இணைந்து இயங்குவது எப்படி?

மாலையில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிடுகிறது. ராத்திரி அந்தப் பெண் பிள்ளைகளோடு எங்கே படுப்பார்? இதற்கு வழி செய்யக்கூடியவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தினர். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் ‘சேவை வழங்குநர்’ என்று அவர்களுக்குத் தனி இடமே தந்திருக்கிறது. நடுவர் மன்றங்கள் அதை முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

முதல் வேலை, பட்டியல். 10-ஆவது பிரிவின்படி அரசிடம் பதிவு செய்த அமைப்புகள் எவையெனப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். முகவரி மட்டும் போதாது. இரவில் போனை எடுப்பவர் யார், கைக்குழந்தையோடு வந்தால் சேர்ப்பார்களா, வளர்ந்த மகனும் தங்கலாமா என்பதையும் எழுதி பெஞ்ச் கிளார்க் மேசையில் வையுங்கள். மகனுக்கு இடமில்லை என்றால் அடிக்கிற வீட்டுக்கே திரும்பிவிடுவார் தாய்.

அடுத்தது டி.ஐ.ஆர். எனப்படும் சம்பவ அறிக்கை. பெண் விரும்பினால், பதிவுபெற்ற அமைப்பே அதை எழுதி நடுவருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். வந்த அறிக்கையை நடுவர் கருத்தில் கொண்டே ஆக வேண்டும். ‘அடித்தார், திட்டினார்’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை. என்றைக்கு, எங்கே, எதனால் அடித்தார், யார் பார்த்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டா என்று எழுத வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பணியாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுங்கள். நிலுவை வழக்குகளைப் பற்றி அங்கே பேச்சே எழக் கூடாது.

மிகுந்த கவனம் வேண்டியது ஆலோசனைக்கு அனுப்பும்போதுதான். “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்பது ஆலோசனையே அல்ல. அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரருக்கு இடமில்லை. ஆலோசனை தொடங்கும் முன்பே இதை அவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்கின்றன 2006-ஆம் ஆண்டு விதிகள். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஆலோசகராக இருக்க முடியாது. பெண் விரும்பினால் மட்டுமே சமரசப் பேச்சு. அனுப்பிய வழக்கை இரண்டு மாதத்துக்குள் மீண்டும் விசாரணைக்கு எடுக்க வேண்டும்.

கடைசியாக, உத்தரவு நகல். மனுதாரர், எதிர்மனுதாரர், காவல் நிலையத்தோடு சேவை வழங்குநருக்கும் அதை இலவசமாகத் தரச் சொல்கிறது 24-ஆவது பிரிவு. அன்றைக்கே கொடுத்தனுப்புங்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் மீண்டும் அடி விழுந்தால் அந்தப் பெண் முதலில் கூப்பிடுவது தொண்டு நிறுவனத்தினரைத்தான். கையில் நகல் இருந்தால்தான் அவர்கள் காவல் நிலையத்தில் பேச முடியும்.