உலைச் சூட்டை அளக்கும் இரு கம்பிகள்

கேள்வி: உலைக்குள் இருக்கும் 1,000 டிகிரி சூட்டை இரண்டே கம்பிகளால் எப்படி அளக்கிறார்கள்?

பதில்: வெப்பமானியில் உள்ள பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதற்கு மேல் கைகொடுப்பது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளின் நுனிகளை இணைத்து உலைக்குள் வைத்தால், சூடான முனைக்கும் வெளிமுனைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ப நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவு இது. ஆலைகளில் பரவலாகப் பயன்படும் ‘கே’ வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும்.

தெர்மோகப்பிள் தருவது வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே. வெளிமுனையின் வெப்பநிலையையும் கணக்கில் சேர்த்தால்தான் சரியான அளவு வரும். டிஜிட்டல் கருவிகள் இதைத் தாமே செய்துவிடும். ஆனால் நீளம் போதவில்லை என்று சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டால் அளவு பிழையாகிவிடும். அந்தந்த வகைக்குரிய நீட்டிப்புக் கம்பியையே வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் இணையுங்கள்.