நாளைய வாக்காளர் நாம்

மக்களாட்சியின் இலக்கணத்தைச் சமூக அறிவியல் பாடத்தில் படிக்கிறோம், தேர்விலும் எழுதுகிறோம். ஆனால் தெருக்குழாயில் நாலு நாளாய்த் தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது? இதற்கு விடை தெரிந்தால்தான் அந்தப் பாடம் நிறைவு பெறும்.

கம்பம் நகரில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. முதலில் நாம் அணுக வேண்டியவர் வார்டு உறுப்பினரே. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி போன்ற சிற்றூர்களில் ஊராட்சி மன்றம் இப்பணியைச் செய்கிறது. அங்கே கிராம சபையும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் அது கூடும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து வரவு செலவுக் கணக்குக் கேட்கலாம்.

உள்ளாட்சி சிறியது என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்துப் பெரியகுளத்தில் 1996-இல் நகராட்சித் தலைவரான திரு. ஓ. பன்னீர்செல்வம் அவர்கள் 2001-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார்.

பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1921-இல். அதுவும் சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கே என்று 2016-இல் சட்டம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அதில் அமர்பவர் தாமே முடிவெடுக்கிறாரா, வீட்டு ஆண்கள் எழுதியதில் கையெழுத்து மட்டும் போடுகிறாரா என்பதே இன்றைய கேள்வி. நம் தாய்மாரின் ஓட்டுக்கும் இதே கேள்வி பொருந்தும் அல்லவா?

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். நாங்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்நூறு ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு இருபத்தேழு காசு! குழாயடியில் காலிக் குடத்துடன் நிற்கும் நேரத்துக்கு இதுவா விலை?

இருபத்தொன்றாக இருந்த வாக்களிக்கும் வயது 1989 முதல் பதினெட்டாயிற்று. பதினேழு நிறைந்ததும் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுக்கு அதற்கு இரண்டே ஆண்டுகள் உள்ளன. அதுவரை நம் வார்டு உறுப்பினர் யார், சட்டமன்ற உறுப்பினர் யார், அவர்கள் தந்த வாக்குறுதிகள் எவை என்று அறிந்து வைப்போம். வீட்டில் பெற்றோருடன் பேசுவோம். கேட்கத் தெரிந்த குடிமக்களுக்கே நல்ல தலைவர்கள் கிடைப்பார்கள்.