சாத்திரியாரின் நாவும் எட்டாம் கற்பனையும்

சாத்திரம் கேட்பது முதலாம் கற்பனைக்கு மாறானது என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள். இணைச்சட்ட நூலின் 18ஆம் அதிகாரமும், 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2116ஆம் இலக்கமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இன்று நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. சோதிடத்தையே தொழிலாகக் கொண்டவர், தம்மை நம்பி வருபவருக்கு எவ்வளவு உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்? அயலிலுள்ள சைவ மக்கள் மதிக்கும் ஒரு கலையை இகழ்வது எமது நோக்கமன்று.

பஞ்சாங்கத்தையே பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கியமும் உண்டு, திருக்கணிதமும் உண்டு. சனி கும்ப இராசிக்கு மாறியது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல். வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20இல். ஆகவே தனு இராசிக்காரர் ஒருவருக்கு ஒரு கணக்கில் ஏழரைச் சனி முடிந்துவிட்டது. மற்றக் கணக்கில் இன்னும் பதினொரு மாதம் கிடந்தது. வானத்தில் இருப்பதோ ஒரே சனி. பரிகாரத்துக்குக் காசு வாங்குமுன் இதை வாய் திறந்து சொல்லுகிறவரை நேர்மையானவர் என்போம். அப்படிச் சொல்லுபவர் எத்தனை பேர்?

புனித அகுஸ்தீனார் இளமையில் சோதிடத்தில் ஊறியவர். அவருடைய கண்ணைத் திறந்தது பிர்மீனுஸ் என்பவர் சொன்ன செய்தி. பிர்மீனுஸ் பிறந்த அதே கணத்தில், தந்தையின் நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. இரு வீட்டாரும் நேரத்தைக் குறித்து ஆள் அனுப்ப, தூதர்கள் நடுவழியில் சந்தித்தார்களாம். சாதகம் ஒன்றே. ஒருவர் செல்வத்தில் வளர்ந்தார். மற்றவர் அடிமையாகவே இருந்தார். அந்த ஒரே சாதகத்தை வைத்து இருவருக்கும் உண்மை சொல்ல வேண்டுமானால் இரண்டு விதமாக அல்லவா சொல்லவேண்டும்? எனவே பலித்தது கலையால் அன்று, தற்செயலால் என்று அவர் முடிவு கட்டினார்.

பெரிய இடத்திலும் இதுவே கதை. 2015 ஜனவரி 8இல் நடந்த சனாதிபதித் தேர்தலை மகிந்த ராஜபக்ச உரிய காலத்துக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே வைத்தார். வெற்றி நிச்சயம் என்றார் அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்த்தன. முடிவு நாடறிந்தது. ஆட்சியாளர் தோற்றால் பதவிதான் போகும்.

எம்மை வருத்துவது வேறு. நெல்லியடியிலும் வடமராட்சியின் மற்ற ஊர்களிலும், 2009இல் போர் முடிந்த பின்பும், காணாமற்போன பிள்ளையின் குறிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு சாத்திரியார் வீட்டு வாசலில் நின்ற தாய்மார் உண்டு. அவர்களில் எம்மவரும் அடக்கம். "இருக்கிறான் அம்மா, தென்திசையில் இருக்கிறான், சனி மாறட்டும்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். இரக்கத்தால் சொன்னேன் என்பார் சாத்திரியார். அறியாததை அறிந்ததாகச் சொல்வது எட்டாம் கற்பனைக்கு மாறான பொய். அதற்குப் பணமும் பெற்றால் ஏழாம் கற்பனையும் குறுக்கே வருகிறது, பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் சேர்கிறது. "இது எனக்குத் தெரியாது, தாயே, காசை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் சாத்திரியார் எவரேனும் இருந்தால், அவர் உண்மையைக் காப்பவர்.

அந்தச் சொல்லை நம்பி, பிள்ளைக்குப் பூசை கொடுத்தால் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சும் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் விதிப்படி, உயிரோடிருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பங்குக்குருவிடம் பிள்ளையின் பெயரை மட்டும் கொடுங்கள். இருக்கிறான் என்றோ இல்லை என்றோ நீங்கள் சொல்லவேண்டியதில்லை. அரச அலுவல்களுக்கும், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்காக, காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.