தாழ்ந்த குரலுக்குத் தாழ்ந்த கிட்டாரா?

கேள்வி: எங்கள் ஊர் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பிரதானமாகப் பாடும் அண்ணாவுக்குக் கட்டைக் குரல். அவருக்காகக் கம்பிகளை இறக்கி வைத்தால் ஆறாவது கம்பி தளர்ந்து ‘கர்’ என்று இரைகிறது. கனடாவில் இருக்கும் மச்சான், “பாரிட்டோன் கிட்டார் ஒண்டு அனுப்புறன், அதுதான் சரி” என்கிறார். அது பேஸ் கிட்டாரா? கோர்ட்டுகளைப் புதிதாகப் பழக வேண்டுமா? இருக்கிற கிட்டாரிலேயே தடித்த கம்பி போட்டால் போதாதா?
— வாசகர், பெரியமடு, மன்னார்

பதில்: தம்பி, அண்ணாவின் குரலுக்காக மட்டும் என்றால் பாரிட்டோன் தேவையில்லை. ஈ-யில் பாடுவது அவருக்கு உயரமாக இருந்தால் பாட்டைக் கீழே பி-க்கு, அதாவது ஏழு கட்டைக்கு, இறக்குங்கள். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஏ, டி, ஈ கோர்ட்டுகளைப் பிடித்தால் பி, ஈ, எஃப் ஷார்ப் கிடைத்துவிடும். கம்பியைத் தளர்த்தவே வேண்டாம்.

பாரிட்டோன் தருவது சுருதி மாற்றத்தை அல்ல, வேறொரு நிறத்தை. அது பேஸ் கிட்டாரும் அல்ல. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் அடிக்கம்பி 82 தடவை. பாரிட்டோனின் அடிக்கம்பி பெரும்பாலும் பி, ஏறக்குறைய 62. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, ஆறு கம்பியுள்ள முழுக் கிட்டார் அது. அடிக்கம்பியிலிருந்து மேலாக பி, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்று கட்டுவார்கள். சிலர் இன்னும் இறக்கி ஏ-யிலிருந்து ஏ வரை வைப்பார்கள்.

கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி மாறாததால் உங்கள் விரல்களுக்குப் புதுப் பாடம் எதுவும் இல்லை. ஈ பிடித்தால் பி கேட்கும், ஜி பிடித்தால் டி, சி பிடித்தால் ஜி. ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் பழைய சுருதிக்கே வந்துவிடலாம். ஃப்ரெட்டுகள் சற்று அகலமாக இருக்கும். அதற்குக் கை கொஞ்ச நாளில் பழகிவிடும்.

உங்கள் ஆறாவது கம்பி ஏன் இரைகிறது என்று பாருங்கள். நீளமும் கம்பியும் மாறாமல் சுருதியை மட்டும் ஈ-யிலிருந்து பி-க்கு இறக்கினால் இழுவிசை 56 வீதத்துக்கு விழுந்துவிடும். பாதிக்குச் சற்று மேலே நிற்கும் கம்பி ஃப்ரெட்டில் மோதாமல் என்ன செய்யும்? அதனால்தான் பாரிட்டோனில் கம்பியின் அதிரும் நீளத்தைக் கூட்டுகிறார்கள். சாதாரண கிட்டாரில் அது ஏறக்குறைய 25½ அங்குலம். பாரிட்டோனில் 27 முதல் 30 வரை. ஆனால் 27 அங்குலமாக்கினாலும் இழுவிசை 63 வீதம்தான் வரும். மீதியைக் கம்பியின் தடிப்பு ஈடுசெய்ய வேண்டும். 0.053 அங்குல அடிக்கம்பி இருந்த இடத்தில் 0.067 அல்லது 0.070 போட வேண்டியிருக்கும்.

இருக்கிற கிட்டாரில் அந்தக் கம்பியைப் போடலாமா என்றால், நட்டின் வெட்டுகளை அகலமாக்க வேண்டும், பாலத்தருகே நீளத்தைத் திருத்த வேண்டும். அப்போதும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி பிசகும். சி வரை இறக்குவதானால் முயன்று பார்க்கலாம். பி-க்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி, எங்கே வாசிப்பது? பலரும் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். கட்டைக் குரலுக்குப் பின்னால் பாரிட்டோனை முழுக் கோர்ட்டாக அடித்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டும், சொல் தெளியாது. பெண் குரலுக்கும் சிறுவர் பாடலுக்கும் கீழேதான் அது அருமையாக உட்காரும், அங்கே இடம் காலியாக இருப்பதால். உங்கள் அண்ணாவுக்கு வாசிப்பதென்றால் அடிக்கம்பியில் ஒரு சுரம், மேல் மூன்று கம்பிகளில் இரண்டு சுரம், அவ்வளவு போதும். அடிக்கம்பிகளில் நெருக்கமாகக் கோர்ட் பிடித்தால் ஒலி கலங்கிச் சேறாகிவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய உறவு சுர்பஹார். சிதாரைவிடப் பெரியது, தாழ்ந்த சுருதியில் கட்டப்படுவது. இம்ரத் கானும் அன்னபூர்ணா தேவியும் அதில் ஆலாபனையை எவ்வளவு நிதானமாக விரித்தார்கள் என்பதைக் கேட்டுப் பாருங்கள். தடித்த கம்பி அவசரத்துக்கு இணங்காது. ஒரு சுரம் மலர்ந்து அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கிட்டார் கலைஞர் பற் மெத்தினி 2003இல் வெளியிட்ட ‘வன் குவயற் நைற்’ இசைத்தட்டிலும் அதே பொறுமை உண்டு. லிண்டா மான்சர் என்ற கைவினைஞர் செய்த பாரிட்டோனில், நடு இரண்டு கம்பிகளை ஒரு ஸ்தாயி உயர்த்திக் கட்டித் தனியாக வாசித்திருக்கிறார். நடுக்கம்பிகள் மேலேறியதால் கலங்கல் போய்விட்டது. அந்த யுக்திதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில் வேறு வழி கண்டார்கள். நாஷ்வில் ஒலிப்பதிவுகளில் பெரிய டபுள் பேஸ் வாசிக்கும் வரியையே ஆறு கம்பிப் பேஸில், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, ‘டிக் டக்’ என்று சேர்த்து வாசித்தார்கள். பேஸுக்கு அது ஓர் ஓரத்தைக் கொடுத்தது. உங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவர் இருந்தால் பாரிட்டோனில் இதையும் செய்து பாருங்கள்.

‘சுராங்கனி’ போன்ற பைலாத் துள்ளலுக்கு மட்டும் சாதாரண கிட்டாரையே எடுங்கள். அந்த வெட்டு அடிக்கு மெல்லிய கம்பியின் கூர்மை வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆசை இருந்தால், வரட்டும், நல்ல வாத்தியம். மச்சானிடம் பாரிட்டோனுக்கென்றே விற்கும் கம்பிச் செட் இரண்டு மூன்றும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மன்னார் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண செட்டைப் போட்டு பி-க்கு இறக்கினால் பழைய ‘கர்’ திரும்ப வரும். ஈ-க்கு ஏற்றிக் கட்டினால் அந்த நீண்ட கழுத்தில் இழுவிசை கூடி மெல்லிய கம்பி அறுந்துபோகக்கூடும்.