எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஓர் எழுத்து

1982இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்ற வீட்டுக் கணினியுடன், ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய பேசிக் நிரல் கையேடு ஒன்றையும் கொடுத்தார்கள். நினைவக முகவரிகள், எழுத்துக் குறியீட்டு அட்டவணை, ஒலி எழுப்பும் கட்டளை, இயல்களின் இறுதியில் பயிற்சிகள் என அது ஏறக்குறைய ஒரு பாடநூல்தான்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி, பயனரே புதிய எழுத்துகளை உருவாக்குவது. கிரேக்க எழுத்தான ‘பை’தான் எடுத்துக்காட்டு. எட்டுக்கு எட்டு கட்டத்தில் நிரப்பிய கட்டம் 1, வெற்றுக் கட்டம் 0. ஒவ்வொரு வரிசையும் ஓர் இருநிலை எண்.

நாமோ இருநிலை எண்ணை இரண்டால் வகுத்து மீதி எழுதும் கணக்காகவே பெரும்பாலும் நடத்துகிறோம். விடை சரியா என்று அறிய மாணவர் நம் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் கட்டம் போட்ட கணக்கு நோட்டிலேயே இதைச் செய்தோம்; கணினி தேவைப்படவில்லை. எட்டுக் கட்டங்களுக்கு மேல் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதச் சொன்னேன். கரும்பலகையில் எண்கள் மட்டும்: 129 ஏழு முறை, கடைசியில் 255. “ப!” என்று பின்வரிசையிலிருந்துதான் முதல் குரல் வந்தது.

பிறகு ஒருவர் எழுத்தை வரைந்து எண்களாக்கித் தர, பக்கத்தில் இருப்பவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ட’ வரைந்த ஒரு மாணவி கடைசி வரிசைக்கு 127 என்று தந்தாள். தோழி வரைந்ததில் இடது மூலை விடுபட்டிருந்தது. “128ஐக் கூட்டவில்லை” என்று அவளே திருத்திக்கொண்டாள்.

‘ண’ மட்டும் எட்டுக் கட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. கேட்பவர்களுக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டம் கொடுங்கள். இடமதிப்பு 32768 வரை நீளும்.